நூற்று முப்பத்து மூன்றில் ஓர் இழை

அத்தான் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, உட்காரச் சொல்லிக் காட்டிய நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு கால் லேசாக ஆடியது. "இது வேண்டாம்" என்று சொல்லி அதைச் சுவரோரமாகத் திருப்பி வைத்துவிட்டு, நின்றுகொண்டே தேநீர் குடித்தார். அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. ஆறு வருடமாக அந்த நாற்காலியில் வீடே உட்கார்ந்து எழுந்திருக்கிறது, யாரும் விழவில்லை என்று நான் விளக்கினேன். "இன்னும் விழல" என்றார். அன்றைக்கே எனக்கு இந்த மனிதரைப் பிடிக்காமல் போயிருக்க வேண்டும். அக்காவுக்கோ அந்த நிமிடமே பிடித்துப்போய்விட்டது. அடுத்த வருடம் அவரைக் கட்டிக்கொண்டாள்.

நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தோம். கடலிலோ மலையிலோ வெள்ளத்திலோ மாட்டிக்கொண்டவர்களைத் தேடிப்போய்த் தூக்கி வரும் ஹெலிகாப்டர் நிலையம் அது. எனக்கு வயர்லெஸ் அறை. நான் சேர்ந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அவர் வந்தார். அதனால் உறவில் அவர் பெரியவர், பதிவேட்டில் நான் பெரியவன். இதை நான் அடிக்கடி நினைவூட்டுவேன். அவர் காதில் விழாததுபோல இருந்துவிடுவார்.

அங்கே யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'கதவு' என்பார்கள். ஹெலிகாப்டரின் பக்கவாட்டுக் கதவுதான் அவருடைய இடம். கதவுக்கு மேலே, வெளிப்புறத்தில், கம்பிவடம் சுற்றிய உருளை ஒன்று இருக்கும். அதுதான் வின்ச். வடத்தின் நுனியில் கொக்கி. கொக்கியில் நீச்சல்காரரை மாட்டிக் கீழே இறக்கி, அடிபட்டவரையும் அவரையும் சேர்த்து மேலே ஏற்றுவது அத்தானின் வேலை. இடுப்பு வாரைத் தரையில் உள்ள வளையத்தில் பூட்டிக்கொண்டு, கதவோரம் மண்டியிட்டு, பாதி உடம்பை வெளியே நீட்டிக் குனிந்திருப்பார். விமானிக்குத் தன் காலடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. அத்தான் வாயால் சொல்வதுதான் விமானிக்குக் கண். லாரியைப் பின்னால் எடுக்கும்போது ஒருவர் நின்றுகொண்டு 'வரட்டும், வரட்டும்' என்பாரே, அதேதான். "முன்னால அஞ்சு, நாலு, மூணு, வரட்டும், ரெண்டு, அப்படியே நில்லு." அந்தக் குரலில் ஏற்ற இறக்கமே இருக்காது. கூரையில் ஏறிய கர்ப்பிணியைத் தூக்கினாலும் சரி, பயிற்சிக்காக மணல் மூட்டையைத் தூக்கினாலும் சரி, ஒரே குரல்தான்.

இதில் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். ஒன்று, வடம். தொண்ணூறு மீட்டர் நீளம், சுண்டு விரலைவிட மெல்லியது. முடிபோல மெல்லிய நூற்று முப்பத்து மூன்று எஃகு இழைகளை முறுக்கிச் செய்தது. அதில் ஒரே ஓர் இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்த வடத்தில் ஆளைத் தொங்கவிடக் கூடாது என்பது எங்கள் நிலையத்தின் சட்டம். இரண்டாவது, 'வேண்டாம்'. ஹெலிகாப்டரில் இருக்கும் நால்வரில் யார் வேண்டாம் என்றாலும் அந்த வேலை அங்கேயே நின்றுவிடும். ஏன் என்று தரையிறங்கும்வரை யாரும் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த முறை சொல்ல வாய் வராது என்பது காரணம். விமானி சொல்லலாம், நேற்றுச் சேர்ந்தவர் சொல்லலாம். மற்றவர்கள் வருடத்துக்கு ஒரு முறை சொன்னால் அத்தான் மாதத்துக்கு ஒரு முறை சொல்வார்.

வீட்டிலும் விட்டுவைக்கவில்லை. வெளியூர் கிளம்பினால் அடுப்பை மூடினாயா, குழாயை மூடினாயா என்று கேட்டு உயிரை வாங்குவார். கேட்டதோடு நிற்க மாட்டார், தானே போய்த் தொட்டுப் பார்ப்பார். மூடிவிட்டேன் என்று சொல்வது வேறு, மூடியிருப்பது வேறு என்பார். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். அவசரம் என்ற சொல்லையே வீட்டில் தடை செய்துவிட்டார் என்று என்னிடம் புகார் சொல்வாள். இப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் அவசரப்பட்டார். இந்தக் கதையே அதைப் பற்றியதுதான்.

ஒரு முற்பகல், கரையிலிருந்து வெகுதூரத்தில் நின்ற மீன்பிடிப் படகு ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. நான்தான் எடுத்தேன். வலை இழுக்கும் உருளையில் இன்ஜின்காரரின் தொடை சிக்கிவிட்டது, எடுத்துவிட்டோம், ரத்தம் நிற்கவில்லை என்றார் படகு ஓட்டுபவர். பத்து நிமிடத்தில் எங்கள் ஹெலிகாப்டர் கிளம்பியது. விமானியை எல்லோரும் கேப்டன் என்போம். நாற்பது வயதுப் பெண், அதிகம் பேச மாட்டார். நீச்சல்காரனுக்கு 'தவளை' என்று பட்டப்பெயர். அவனையும் அத்தானையும் ஒன்பது வருடமாக ஒரே வடம் பிணைத்திருந்தது. அவன் தொங்குவான், இவர் பிடிப்பார். அவனுடைய கல்யாணத்தில் அத்தான்தான் முதல் ஆளாகப் போய் நாற்காலிகளை ஆட்டிப் பார்த்தார் என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

ஹெலிகாப்டருக்குள் அவர்கள் பேசிக்கொள்வது எனக்கு உடனே கேட்காது, பதிவாகும். விசாரணைக்காக அந்தப் பதிவைக் கேட்டு எழுதும் வேலை பின்னால் என் தலையில் விழுந்தது. பதினோரு முறை கேட்டேன். அதனால் நேரில் இருந்தவன்போலச் சொல்ல முடிகிறது.

படகுக்கு மேலே போய் நின்றதும் தவளை கொக்கிக்குத் தயாரானான். அவனுடைய வார்களைச் சரிபார்க்க இரண்டு நிமிடமாவது ஆகும். கீழே ரத்தம் நிற்கவில்லை என்று படகுக்காரர் மறுபடி கத்தினார். அந்த இரண்டு நிமிடத்தை வீணாக்க வேண்டாம், மருந்துப் பையை முதலில் அனுப்பிவிடலாம் என்று அத்தானுக்குத் தோன்றியது. நல்ல யோசனைதான். ஆனால் பை ஆறு கிலோ. அவ்வளவு லேசான பொருளைத் தனியாக இறக்கினால் விசிறிக் காற்று அதை வீசியடிக்கும். அதற்காகவே பத்துக் கிலோ மணல் பொதி ஒன்றைச் சேர்த்துக் கட்டி அனுப்ப வேண்டும் என்று விதி. பொதி பின்பக்கம், ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால், வார் போட்டுக் கட்டியிருந்தது. அதை அவிழ்த்து எடுக்க ஒரு நிமிடம் ஆகும். அத்தான் பொதியை எடுக்கவில்லை. பையை மட்டும் கொக்கியில் மாட்டி இறக்கினார்.

பாதி வழியில் பை ஆடத் தொடங்கியது. பதிவில் அவர் குரல் அப்போதும் மாறவில்லை, ஆனால் எண்கள் வேகமாக வந்தன. பை ஒரு பக்கமாக வீசப்பட்டு, வடம் படகின் கொடிமரத்தைத் தாங்கும் கம்பியில் உரசியது. மூன்று வினாடி. பிறகு விலகியது. பை தளத்தில் இறங்கியது. படகின் சமையல்காரர் அதை அவிழ்த்தார். அத்தான் வடத்தை மேலே சுற்ற ஆரம்பித்தார். வடத்தை எப்போதும் கையுறை போட்ட கைக்குள் ஓடவிட்டுத்தான் சுற்றுவார். கொக்கியிலிருந்து பன்னிரண்டு மீட்டர் இருக்கும்போது கையுறையில் ஏதோ குத்தியது. வின்ச்சை நிறுத்தி, குனிந்து பார்த்தார். ஓர் இழை அறுந்து, முள்போல நின்றது.

"வின்ச் வேண்டாம்" என்றார்.

கேப்டன் ஏன் என்று கேட்கவில்லை. சரி என்று மட்டும் சொன்னார். கேட்டது தவளைதான். ஒன்பது வருடத்தில் முதல் முறையாக.

"என்னண்ணே?"

"இழை அறுந்திருக்கு."

"எத்தனை?"

"ஒண்ணு."

"மிச்சம் நூத்தி முப்பத்திரெண்டு இருக்கே."

"இருக்கு."

"தொங்கப் போறது நான்தானே. நான் சரிங்கிறேன்."

"இறக்கப் போறது நான். வேண்டாம் தம்பி."

அப்படியானால் குதிக்கிறேன் என்றான் தவளை. அதற்குக் கேப்டன் வேண்டாம் என்றார். நான்கு மீட்டர் அலை, போதாததற்குப் படகைச் சுற்றி வலை பரந்து கிடந்தது. வடத்தை மாற்றுவதென்றால் திரும்பி வந்து மூன்று மணி நேரம் ஆகும். இன்னொரு நிலையத்திலிருந்து வேறு ஹெலிகாப்டரை நான் கூப்பிட்டேன். வந்து சேர ஒரு மணி ஐம்பது நிமிடம் என்றார்கள். அதுவரை தவளை மேலே இருந்தபடியே வயர்லெஸில் சமையல்காரருக்குச் சொல்லிக்கொடுத்தான்: பையில் சிவப்பு வார் இருக்கும், தொடையின் மேல்பக்கம் கட்டு, இறுக்கு, இன்னும் இறுக்கு. சமையல்காரர் தன்னால் ஆனதைச் செய்தார். கட்டு கொஞ்ச நேரம் நின்றது, பிறகு நழுவியது. எரிபொருள் தீரும் நிலையில் எங்கள் ஆட்கள் திரும்பினார்கள்; வழியெல்லாம் தவளை வயர்லெஸில் சொல்லிக்கொண்டே வந்தான். இரண்டாவது ஹெலிகாப்டர் போய்ச் சேருவதற்கு இருபது நிமிடம் முன்னால் இன்ஜின்காரரின் மூச்சு நின்றுவிட்டது.

அன்று மாலையே அத்தான் அறிக்கை எழுதிக் கொடுத்தார். மணல் பொதியைச் சேர்க்காமல் பையை இறக்கினேன், அவசரப்பட்டேன், அதனால் வடம் உரசியது. யாரும் கேட்டு எழுதியதல்ல. பதிவை வைத்துக்கொண்டு பொதியைப் பற்றிக் கண்டுபிடித்திருக்கவே முடியாது, அவராகச் சொல்லாவிட்டால். இரண்டு மாதம் கதவுப்பக்கம் போகக் கூடாது என்றார்கள், மறுபடி தேர்வு எழுத வைத்தார்கள், திருப்பிச் சேர்த்துக்கொண்டார்கள்.

எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. மறைப்பதற்கில்லை. ஊருக்கெல்லாம் நிதானத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தவர், ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு மனிதனைத் தொலைத்துவிட்டாரே என்று கோபம். அக்காவிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவர் ராப்பகலாக அதைத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார், நீ வேறு எதற்கு என்றாள்.

ஐந்தாவது வாரம் பரிசோதனைக் கூடத்திலிருந்து தாள் வந்தது. அந்த வடத்தை இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். அறுந்த இழையோடு, புது வடத்தைவிட மயிரிழை குறைவாகத்தான் அதன் பலம் இருந்தது. ஓர் ஆள் என்ன, நான்கைந்து பேரைச் சேர்த்துத் தொங்கவிட்டாலும் தாங்கியிருக்கும். தவளை அதில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு உணவு அறைக்கு வந்தான். அத்தானின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"தாங்கியிருக்கும்ணே."

"ஆமா தம்பி. பாத்தேன்."

அவ்வளவுதான். தவளை வேறு குழுவுக்கு மாற்றிக் கேட்டான், கொடுத்தார்கள். வழியில் பார்த்தால் தலையை ஆட்டுவான். வேலைக்கு என்ன தேவையோ அதைப் பேசுவான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். வயர்லெஸில் அந்தச் சமையல்காரரின் அழுகையைக் கடைசிவரை கேட்டவன் அவன்.

இன்ஜின்காரரின் மனைவிக்கு நிலையத்திலிருந்து ஒரு கடிதம் போயிருந்தது. வின்ச்சில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு காரணமாக என்று அதில் பூசி மெழுகியிருந்தார்கள். என்ன கோளாறு என்று கேட்டு அவர் பதில் எழுதினார். இன்னும் கொஞ்சம் மெழுகி அனுப்பினார்கள். அடுத்த கடிதத்தில், நேரில் வருகிறேன், அன்று வின்ச்சில் இருந்தவரைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

நிலைய அதிகாரி அத்தானைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். அனுதாபம் சொல்லுங்கள், கடிதத்தில் இருப்பதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். மணல் பொதி விஷயம் வெளியே போனால் வழக்கறிஞர்கள் வருவார்கள், அவர்கள் முதலில் செய்வது உங்களைக் கதவிலிருந்து எடுப்பதுதான், அப்புறம் நான் நினைத்தாலும் திருப்பிப் போட முடியாது. மிரட்டலாகச் சொல்லவில்லை, அவருக்கு அத்தான்மேல் மரியாதை உண்டு. அத்தானுக்கு ஓய்வு பெற இன்னும் மூன்றரை வருடம் இருந்தது. அந்தக் கதவைத் தவிர வேறெதிலும் அவருக்கு ஆசை இருந்து நான் பார்த்ததில்லை. விடுமுறை நாளில்கூட மொட்டைமாடியில் நின்று காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பவர்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, போதும்" என்று அக்கா, இன்ஜின்காரரின் மனைவி வர இருந்த நாள் காலையில், சொல்லி அனுப்பினாளாம். "கேப்பாங்க" என்றாராம் அவர்.

பேச்சைக் குறிப்பெடுக்க என்னையும் உட்கார வைத்தார்கள். சின்ன அறை. கண்ணாடி போட்ட மேசை, சுவரில் கடல் வரைபடம், மூலையில் தண்ணீர்க் குடுவை. அதிகாரி ஒரு பக்கம், அத்தான் ஒரு பக்கம். அந்த அம்மா வேலை முடித்து நேராக வந்திருந்தார். சாம்பல் நிறச் சட்டை, பையில் ஒரு நிறுவனத்தின் அடையாள அட்டை, நகத்தோரம் கிரீஸ் கறை. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அழுவார் என்று எதிர்பார்த்துத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன். அவர் அதைத் தள்ளி வைத்துவிட்டு அத்தானைப் பார்த்தார்.

"நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவ. கம்பிக் கயிறுதான் எனக்குச் சோறு போடுது. அதனால எனக்குப் புரியுற மாதிரி சொல்ல வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்க. வடம் அறுந்துச்சா?"

"இல்லங்க. ஒரு இழைதான்."

"எத்தனையில?"

"நூத்தி முப்பத்து மூணுல."

அவர் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். லிஃப்ட்டில் ஐந்தாறு கயிறு இருக்கும், இத்தனை நீளத்தில் இத்தனை இழை போனால்தான் மாற்ற வேண்டும் என்று விதி, இங்கே ஒரே இழைக்கா என்று கேட்டார். ஒரே வடம் என்பதால் அப்படி என்று அத்தான் சொன்னார். அவர் தலையாட்டினார். அதிகாரியின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. இத்தோடு முடிந்துவிடும் என்று நானும் நினைத்தேன்.

"நல்ல வடம் சும்மா இழை விடாது. எதுல உரசுச்சு?"

அதிகாரி இருமினார். கடிதத்தில் எல்லாம் எழுதியிருக்கிறோமே என்று ஆரம்பித்தார். அத்தான் அவரைப் பார்க்கவில்லை.

"படகோட கம்பியில உரசுச்சுங்க. உரச விட்டது நான். மருந்துப் பையை இறக்கும்போது அதோட ஒரு எடை சேர்த்துக் கட்டணும். கட்டல. ஒரு நிமிஷம் மிச்சமாகும்னு பாத்தேன்."

இந்த ஐந்து வாக்கியத்துக்காக அடுத்த திங்கட்கிழமை அவரைக் கதவிலிருந்து எடுத்தார்கள். இப்போது கிடங்கில் மிதவைச் சட்டைகளைச் சோதிக்கிறார், வாரத்துக்கு இருநூறு சட்டை. அந்த அம்மா இதுவரை வழக்கு எதுவும் போடவில்லை. போட்டாலும் தப்பில்லை.

அன்று அறையில் அந்த அம்மா மேசைக் கண்ணாடிமேல் கையை விரித்து வைத்திருந்தார். பிறகு கேட்டார்.

"அந்த ஒரு இழை போன வடத்துல ஆளை இறக்கியிருந்தா, தாங்கியிருக்குமா?"

அது அவருக்குத் தெரியவே வேண்டாம் என்று நான் மனதுக்குள் கும்பிட்டேன். தெரியாது என்று அத்தான் ஒரு சொல் சொன்னால் போதும். அன்றைய நிலையில் பார்த்தால் அது பொய்கூட இல்லை.

"தாங்கியிருக்கும். இழுத்துப் பாத்துட்டாங்க. அன்னைக்கு எனக்கு அது தெரியாது."

"நாளைக்கு இதே மாதிரி ஒரு இழை அறுந்து நின்னா?"

"வேண்டாம்னுதான் சொல்லுவேன்."

"கீழ யார் இருந்தாலும்?"

"யார் இருந்தாலும்."

நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டேன். இதற்கு அவர் கத்தியிருந்தால் நியாயம். அத்தானை அறைந்திருந்தாலும் நான் எழுந்திருக்க மாட்டேன். அவர் எதையும் செய்யவில்லை. பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அத்தானும் எழுந்தார்.

"நானும் அப்படித்தாங்க. ஒரு கயிறு சரியில்லன்னா லிஃப்ட்டை நிறுத்திருவேன். மேல் மாடிக்காரங்க எல்லாரும் கண்டபடி திட்டுவாங்க. காதுல வாங்காம பூட்டிட்டுப் போயிருவேன்." கதவுவரை போய்த் திரும்பினார். "ஆனா எங்க கட்டடத்துல படிக்கட்டு இருக்கு."

அத்தானிடம் அதற்குப் பதில் இல்லை. இருந்திருந்தால் நான் அவரை மன்னித்திருக்கவே மாட்டேன்.